பச்சைப் போத்தலும் முன்வரிசைக் கைதட்டலும்

நண்பரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். கடந்த வெள்ளிக்கிழமை மாலை, ஸ்காபரோவில் உள்ள மதுக்கடையொன்றின் வரிசையில், எனக்குப் பின்னால் நீங்களும் நின்றிருந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். என் கையில் ஒரு பச்சைப் போத்தல். போர்த்துக்கல்லின் வடபகுதியிலிருந்து வரும் இலேசான வெள்ளை வைன். குளிர்பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்ததால் கண்ணாடி வியர்த்திருந்தது. முன்னால் பெரிய விஸ்கிப் போத்தலோடு நின்றவர் திரும்பி, என்னை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, நீர்தானே கோயில் மண்டபத்தில குடிக்கு எதிராப் பேசினனீர்? என்ர மனிசி உம்மட பேச்சை எனக்கு மூண்டு தரம் போட்டுக் காட்டினவ!"

"ஓம் அண்ணை, நான்தான்."

"அப்ப உது என்ன?"

"வைன், அண்ணை. மீனோட குடிக்க."

அவர் குலுங்கிச் சிரித்தார். "சரி, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். நீரும் என்னைக் கண்டதெண்டு சொல்லிப்போடாதையும்."

நான் போத்தலை மறைக்கவில்லை. அதற்குத்தான் நீங்கள் சாட்சி. ஆறு ஆண்டுகளுக்கு முன் என்றால் அதைச் சட்டைக்குள் ஒளித்திருப்பேன். அல்லது, என் பழக்கப்படி, அங்கேயே ஒரு சொற்பொழிவைத் தொடங்கியிருப்பேன்.

அந்தக் குளிர்ந்த கண்ணாடியின் ஈரம் விரலில் பட்டதும் எனக்குச் சூடை மீன் மணந்தது. தமிழ்நாட்டு நண்பர்கள் மத்தி என்று சொல்லும் அதே மீன்தான். ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் பல்கலைக்கழக மாணவன். அஜக்ஸில் இருந்த பெற்றோர் வீட்டிலிருந்து நாள்தோறும் ரயிலில் வந்து போகும் அலுப்புக்கு அஞ்சி, டண்டாஸ் வீதிக்கு மேற்கே, போர்த்துக்கேயர் நிறைந்த தெருவொன்றில் மாடியறையில் குடியிருந்தேன். வீட்டுக்காரர் லூயிஸ் கட்டடங்களுக்கு டைல்ஸ் பதிப்பவர். அவர் மனைவி பெர்னாண்டா சிரிப்பதற்குக் காரணம் தேடாதவர். பட்டிமன்றங்களுக்காக நான் அறைக்குள் கண்ணாடிமுன் நின்று, "அன்பார்ந்த சபையோரே!" என்று முழங்கிப் பழகுவேன். கீழேயிருந்து பெர்னாண்டா தும்புக்கட்டைத் துடைப்பத்தின் பிடியால் முகட்டில், என் காலடிக்கு நேர்கீழே, மூன்று முறை தட்டுவார். வாயை மூடு என்பதல்ல அதன் பொருள். சாப்பாடு தயார் என்பது.

ஞாயிறு மதியங்களில் பின்வளவில், திராட்சைப் பந்தலின்கீழ் மேசை போடப்படும். கரியடுப்பில் கல்லுப்புத் தூவிய மீன், ஒலிவ் எண்ணெய் விட்ட அவித்த உருளைக்கிழங்கு, பச்சை வெங்காயம், பாண் ரொட்டி. அவ்வளவுதான். நடுவில் ஒரு பச்சைப் போத்தல். முதல் நாள் எனக்கும் ஊற்றினார்கள். நான் அறிந்த குடி வேறு: கலியாண மண்டபத்தின் பின்புறம், கார் டிக்கியைத் திறந்துவைத்து, பெண்கள் வருமுன் ஒரே மடக்கில் விழுங்குவது. ஆகவே எழுந்து நின்று, கண்ணை இறுக மூடி, ஒரே மடக்கில் குடித்து முடித்தேன்.

"என்னப்பா, மருந்தே குடிக்கிறாய்?" என்றார் பெர்னாண்டா. அவருடைய ஆங்கிலத்தை என் வீட்டுத் தமிழில் தருகிறேன். "இரு. முதல் மீனைத் தின். பிறகு ஒரு வாய் குடி. பிறகு ஏதாவது கதை. உனக்குக் கதைக்கவா தெரியாது?"

அப்படியே செய்தேன். நாக்கில் மெல்லிய நுரை சுரீரென்றது. தேசிக்காயின் புளிப்பு, கடித்த மாங்காய்ப் பிஞ்சின் பச்சை மணம். மீனின் கொழுப்பைத் துடைத்துவிட்டு அடுத்த துண்டைக் கேட்டது வாய். ஒருமுறை அம்மா தந்துவிட்ட புட்டையும் பொரித்த மீனையும் மேசையில் வைத்தேன். லூயிஸ் ஒரு கவளம் தின்று, ஒரு மிடறு குடித்து, "இந்த வைன் இவ்வளவு காலமும் இந்தச் சாப்பாட்டைத்தான் தேடித் திரிஞ்சிருக்கு," என்று தீர்ப்பளித்தார். எந்த நடுவரும் எனக்கு அப்படியொரு தீர்ப்பு வழங்கியதில்லை.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை மாலை, கோயில் மண்டபத்தில், குடும்ப அமைதியைக் கெடுப்பது கைபேசியா, குடியா என்று பட்டிமன்றம். நான் குடியின் பக்கம். முதன்முறையாக முன்வரிசையில் என் விருந்தினராக இருவர்: புதுச்சட்டை போட்ட லூயிஸ், மாலை வேளைக்கென்றே சேலை மாதிரி ஒரு நீளச் சால்வை சுற்றிய பெர்னாண்டா. பேச்சு பாதியில் சோர்ந்தது. சபை கொட்டாவி விட்டது. எனக்குக் கைதட்டல் வேண்டும். அவர்கள் பக்கம் கையை நீட்டினேன்.

"சபையோரே! நான் குடியிருக்கும் வீட்டைப் பாருங்கள்! சூரியன் உச்சிக்கு வந்ததும் போத்தல் திறக்கிறது. கணவன் ஊற்ற, மனைவி குடிக்கிறாள்! அந்த வீட்டில் அமைதி எங்கே இருக்கும்?"

மண்டபம் அதிர்ந்தது. நான் சுட்டிய திசையில், தமிழ் விளங்காமல், தம்மைப் பற்றித்தான் ஏதோ நல்லது சொல்கிறேன் என்று நம்பிய இருவரும் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்கள். நான் அறிந்த வீடுகளிலேயே மிக அமைதியான வீடு அது.

காரில் திரும்பும்போது லூயிஸ் சொன்னார்: "முழுக்க ரெக்கோட் பண்ணிப்போட்டன். என்னோட டைல்ஸ் வேலை செய்யிற சிவாவும் தமிழ்தானே? திங்கக்கிழமை அவனுக்குப் போட்டுக் காட்டி, எங்களைப் பற்றி நீ என்ன சொன்னனி எண்டு கேக்கப்போறன்."

எனக்கு மிஞ்சியது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

மறுநாள் மதியம், தும்புக்கட்டை மூன்று முறை தட்டியது. இறங்கிப் போனேன். மீன் தட்டுக்கு வருமுன், சொன்னதைச் சொன்னபடியே ஆங்கிலத்தில் ஒப்புவித்தேன். அலங்காரமில்லாமல் நான் ஆற்றிய ஒரே உரை அதுதான். லூயிஸ் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாங்கள் கைதட்டினனாங்கள்," என்றார் பெர்னாண்டா.

பிறகு போத்தலை எடுத்தார். என் கிளாஸில் எப்போதும் ஊற்றும் அளவுக்கே ஊற்றினார். ஒரு துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த அளவுக்கு நான் இன்றும் நன்றியுடையவன். லூயிஸ் வந்து கைபேசியை என்முன் நிறுத்தினார். "அந்தப் பேச்சுக்குப் பதிலாச் சிவாவுக்கு நான் இதைக் காட்டுறன். இனி என்ன செய்வாய் எண்டு தமிழிலயே சொல்லு. எழும்பி நிண்டு சொல்லு."

அந்த வீடு இன்று வேறொருவருடையது. இருவரும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் தங்கள் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். பந்தல் இருந்த இடத்தில் கொங்கிறீட் போட்டு ஒரு கார் நிற்கிறது. என் இப்போதைய அறைக்குக் கீழே எவரும் முகட்டில் தட்டுவதில்லை. அந்தக் கைபேசியும் எப்போதோ பழுதாகி, பதிவும் அதோடு போயிற்று என்று பெர்னாண்டா சொன்னார். அதனால்தான் நண்பரே, உங்களை அழைத்தேன். அன்று திராட்சை நிழலில், ஆறிக்கொண்டிருந்த மீனின்முன் எழுந்து நின்று நான் உரக்கச் சொன்னது இதுதான்:

"எவர் வீட்டில் உண்டேனோ, அவர் வீட்டை இனி எந்த மேடையிலும் கைதட்டலுக்காக விற்கமாட்டேன், அவர்களுக்கு விளங்காத மொழியிலும் விற்கமாட்டேன்."