தேயிலை வேண்டாம், கல்டேராதான்!

மூன்று வருடங்களுக்கு முன்னர், ஒரு வைகாசி மாதம், சுவிசில் நொஷாட்டல் நகருக்கு அருகே உள்ள க்ரூ டு வான் மலை விளிம்பில் நின்றுகொண்டு என் மானத்தை நானே வாங்கிக்கொண்டேன்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராக வேலை செய்பவள். தாதியர் படிப்புக்குப் போக வேண்டும் என்ற ஆசையில் நாற்பத்திரண்டு வயதில் பெரியவர்களுக்கான பாடசாலை ஒன்றில் சேர்ந்திருந்தேன். அன்று புவியியல் ஆசிரியை வகுப்பையே மலைக்குக் கூட்டிப் போயிருந்தார். எட்டிப் பார்த்தால் வளைந்து நிற்கும் செங்குத்தான பாறைச் சுவர், நடுவே பெரிய பள்ளம். கோயில் அன்னதானத்துக்குச் சமைக்கும் கிடாரத்தைப் பாதியாக வெட்டி வைத்ததுபோல் இருந்தது. அதற்கு முந்தின கிழமைதான் எரிமலைப் பாடத்தில், எரிமலை உச்சியில் உண்டாகும் பெரும் பள்ளத்தைக் குறிக்கும் கல்டேரா என்ற சொல்லைப் படித்திருந்தோம். ஸ்பானிய மொழியில் அதற்குக் கிடாரம் என்றே அர்த்தமாம். எனக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. விடுவேனா? யாரும் கேட்காமலே, "இது கல்டேரா!" என்று உரத்துச் சொல்லிவிட்டேன்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "மதாம், சுவிசில் எரிமலையே கிடையாது" என்றார் ஆசிரியை. அது சுண்ணாம்புக் கல் மலையாம், தண்ணீரும் பனிக்கட்டியும் அரித்து உண்டான பள்ளமாம். சரி, பிழை விட்டது நான், சிரிக்கட்டும் என்று அதை விழுங்கிக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியில் அவர் சொன்னதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. என் எழுத்துப் பரீட்சைப் புள்ளிகள் குறைவு. வாய்மொழிப் பரீட்சையில் நன்றாகச் செய்தால் மட்டுமே தாதியர் படிப்புக்கு வழி. அதற்குத் தலைப்பை நாமே தெரிவு செய்யலாம். ஆசிரியை தேன் குழைத்த குரலில், எரிமலை எல்லாம் உங்களுக்குக் கஷ்டம், உங்கள் நாட்டுத் தேயிலையைப் பற்றிச் சொல்லுங்கள், சுலபமாக இருக்கும் என்றார்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கணவரிடம் பொரிந்து தள்ளினேன்.

"அவ சொல்லுறதும் சரிதானே. தேயிலையை எடும், சுகமாப் பாஸ் பண்ணலாம். உமக்கேன் தேவையில்லாத வேலை?" என்றார் அவர்.

"விசர்க்கதை கதையாதேங்கோ! யாழ்ப்பாணத்திலை எங்கையப்பா தேயிலை விளையுது? எங்கட வளவிலை நிண்டது பனையும் முருங்கையும். நான் கல்டேராவைத்தான் எடுப்பன்!"

அன்றிலிருந்து எங்கள் குசினி சமையலை விட்டு ஆய்வுகூடமாகிவிட்டது. குழாய் செருகிய ஒரு பலூனை ஊதித் தட்டில் வைத்து, மேலே மாவைக் கொட்டி, காற்றை இறக்கிப் பார்ப்பது என் திட்டம். முதல் தடவை ஆத்திரத்தில் அளவுக்கு மிஞ்சி ஊதிவிட்டேன். பலூன் வெடித்து, வேலையால் வந்த மனுசனின் தலையெல்லாம் வெள்ளை. "இதுதானோ உம்மட எரிமலை?" என்று கேட்டார். சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. அடுத்த தடவை கோதுமை மா கட்டி பிடித்து அசையாமல் கிடந்தது. கடைசியில் புட்டுக்கு வைத்திருந்த வறுத்த சிவப்பரிசி மாவை எடுத்தேன். காற்று மெல்ல இறங்க, மாவில் வட்டமாக ஒரு வெடிப்பு விழுந்தது. நடுப்பகுதி அப்படியே பொத்தென்று உள்ளே இறங்கியது. ஐயோ கடவுளே, இவ்வளவு நாளும் வெடிப்பு மலையின் தலையைத் தூக்கி எறிவதால்தான் கல்டேரா வருகிறது என்றல்லவா நினைத்திருந்தேன்! அடியில் வெறுமையாவதால் மேற்புறம் உள்ளே இடிந்து இறங்குவதுதான் அது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பரீட்சை நாளில் மாத்தட்டோடு போனேன். மேசைக்குப் பின்னால் ஆசிரியையும் வெளியிலிருந்து வந்த பரீட்சகர் ஒருவரும் இருந்தார்கள். என் பிரெஞ்சு வழக்கம்போல நொண்டியது. நொண்டட்டும் என்று தொடர்ந்தேன். எரிமலைக்கு அடியில் பாறைக் குழம்பு நிறைந்த அறை இருக்கிறது, பெருவெடிப்பில் அந்தக் குழம்பு கொட்டித் தீர்ந்தால் கூரையைத் தாங்க ஆளில்லை, கூரை உள்ளே இறங்குகிறது, அதுதான் கல்டேரா என்று சொல்லிக் காற்றைத் திறந்துவிட்டேன். மா இறங்கியது. பரீட்சகர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். ஹவாயில் போலக் குழம்பு அமைதியாக வடிந்தாலும் நிலம் இறங்கும் என்றேன். ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் அடியில் நுழையும் இடத்துக்குச் சுமாத்திராவின் டோபா ஏரியையும், நிலம் பிளந்து விலகும் இடத்துக்கு ஆபிரிக்காவின் ஙொரொங்கொரோவையும், கண்டத்தின் நடுவே அடியிலிருந்து சூடு ஏறும் இடத்துக்கு அமெரிக்காவின் யெலோஸ்டோனையும் காட்டினேன்.

பிறகு பரீட்சகர் கேட்டார், சுவிசில் ஏதாவது உண்டா என்று. ஆசிரியை குனிந்து தன் தாளைப் பார்த்தார். அந்த மலை விளிம்பில் நின்ற நாளிலிருந்து இந்தக் கேள்விக்காகத்தான் நூலகத்தில் கிடந்திருந்தேன். "இன்று இல்லை. க்ரூ டு வானைக் கல்டேரா என்று சொன்ன முட்டாள் நான்தான்" என்றேன். இருவரும் சிரித்தார்கள். "ஆனால் எப்போதுமே இருந்ததில்லை என்று சொல்ல முடியாது" என்று தொடர்ந்தேன். லுகானோப் பக்கம் டைனோசர்களுக்கும் முந்திய காலத்து எரிமலைப் பாறை கிடக்கிறது. எல்லைக்கு அப்பால் இத்தாலியின் சேசியாப் பள்ளத்தாக்கில், அதே காலத்தில் இடிந்து இறங்கிய ஒரு கல்டேராவின் அடிவயிறு, நிலம் புரண்டதில் வெளியே தெரிகிறது.  

ஆறு புள்ளிகளுக்கு ஐந்தரை கிடைத்தது. வெளியே வந்து கை கொடுத்த ஆசிரியை, லுகானோப் பாறை விஷயத்தை நான் நூலகத்தில் வாசித்த புத்தகத்தின் பெயரோடு எழுதித் தரும்படி கேட்டார். எழுதிக் கொடுத்தேன். அடியில் இன்னொரு வரியும் சேர்த்தேன்: யாழ்ப்பாணத்தில் தேயிலை விளைவதில்லை.

இன்று நான் தாதியர் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறேன். தோற்றத்தைப் பார்த்து ஒரு மலையைப் பற்றித் தப்பாகச் சொன்னவள் நான், அதை எங்கேயும் ஒப்புக்கொள்வேன். ஆனால் எனக்கு எது கஷ்டம் என்பதை என்னைப் பார்த்த மாத்திரத்தில் இன்னொருவர் முடிவு செய்ய, அந்த நாளுக்குப் பிறகு நான் ஒருபோதும் இடம் கொடுத்ததில்லை.