நான் ‘ஆச்சு’ என்று சொன்ன நாற்காலி

பிள்ளைகளா, இன்று நம் வாசல் கேட்டுக்கு வெல்டிங் வைத்தபோது, அந்தப் புகை வாசனையில் நான் ஏன் எனக்குள்ளேயே சிரித்தேன் என்று கேட்டீர்களே, சொல்கிறேன்.

எண்பதுகளில் காரைக்காலில் வெல்டிங் படித்தேன். பொருட்காட்சிக்காக நானும், பக்கத்து ஊரான நெரவியிலிருந்து வந்து என்னோடு படித்த செல்வமும் ஓர் இரும்பு நாற்காலி செய்தோம். கால்களைப் புள்ளி புள்ளியாக மட்டும் ஒட்டவைத்தேன். முழு வெல்டிங்கைக் காலையில் வைக்கலாம் என்று பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

“ஆச்சாடா?” என்றான் செல்வம்.

“ஆச்சு.”

நான் சொன்னது புள்ளி வைத்ததை. மறுநாள் வந்து பார்த்தால், பச்சைப் பெயிண்ட் அடித்து நாற்காலி பொருட்காட்சிப் பந்தலில் நிற்கிறது! நான் வாயைத் திறப்பதற்குள், பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வாங்கும் கனத்த பெரியவர் ஒருவர், “தாங்குமா தம்பி?” என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். கால் பிய்ந்தால் அவர் இடுப்பு போய்விடும்.

நாற்காலி அசையவே இல்லை.

“நம்ம வீட்டுக்கும் நாலு செஞ்சு குடுங்க” என்று எழுந்து போனார்.

செல்வத்திடம் விஷயத்தைச் சொன்னேன். “புள்ளியோட பெயிண்ட் அடிக்க நான் என்ன கூமுட்டையா? முழுசா பத்த வச்சிட்டுத்தாண்டா அடிச்சேன். நீ ஆச்சுன்னா என்னைக்கு ஆயிருக்கு?” என்றான்.

சாயங்காலம் பந்தல் காலியானதும், நான் தனியாக அதில் உட்கார்ந்து, பாதங்களைத் தரையிலிருந்து தூக்கி, ஒருமுறை நன்றாகக் குதித்துப் பார்த்தேன்.