சாமியும் நானும் போன மாவட்டம்

அந்த நாளில் மதுரை ஜில்லா பெரிய ஜில்லா. மேலூர் வயலும் அதில்தான் இருந்தது, கொடைக்கானல் மலையும் அதில்தான் இருந்தது. உசிலம்பட்டிக்கு வடக்கே எங்கள் புஞ்சையில் நின்றால், மழை வெறித்த காலையில் அந்த மலை துலக்கமாகத் தெரியும். அப்பா அதைக் காட்டி "நம்ம மலை" என்பார், ஏதோ பத்திரம் பெட்டியில் இருப்பதுபோல.

அப்பாவிடம் ஒரு சட்டம் உண்டு. பெண் கொடுத்தால் ஜில்லாவுக்குள்தான். பேரையூருக்குத் தெற்கே, ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து ஒரு வரன் வந்தது. காலையில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். வெளி ஜில்லா என்று தட்டிவிட்டார். பிறகு, பண்ணைக்காட்டுப் பக்கம் மலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த தூரத்துச் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை அமைந்தார். வத்தலக்குண்டில் பஸ் மாறி, வளைவு வளைவாக ஏறிப் போய்ச் சேரப் பாதி நாள் ஆகும். அதற்குச் சம்மதம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மாப்பிள்ளையைப் பிடித்திருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

அந்தச் சட்டத்துக்குக் காரணம் என் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. கோயம்புத்தூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பிரசவத்தில் இறந்துபோனாள். தந்தி எங்களுக்கு வந்து சேர்வதற்குள் அங்கே அடக்கம் முடிந்துவிட்டது. அப்பா அதைப் பற்றிப் பேசவே மாட்டார். ஜில்லாவுக்குள் இருந்தால் சேதி நேரத்துக்கு வந்துவிடும் என்று அவராக முடிவு கட்டிக்கொண்டார்.

எனக்கு நிச்சயம் முடிந்து நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜில்லாவைப் பிரித்தார்கள். திண்டுக்கல் தனி மாவட்டமானது, கொடைக்கானல் தாலுகாவும் அதோடு போனது. டீக்கடையில் சேதி கேட்டு வந்த அப்பா அன்று சாப்பிடவில்லை. மறுநாள், "இது சரிப்படாது தாயி" என்றார்.

நான் புவியியல் படித்தவள், சும்மா இருப்பேனா? கும்பினிக் காலத்தில் திண்டுக்கல்லுக்குத் தனிக் கலெக்டர் இருந்ததையும், அப்புறம்தான் மதுரையோடு சேர்த்ததையும் விளக்கினேன். "மலை தாய்வீட்டுக்குத்தான்ப்பா திரும்பிப் போகுது" என்றேன்.

"அப்ப நீயும் அது மாதிரி ஒரு நா திரும்பி வந்துருவியா?" என்று கேட்டார். என் படிப்பு அதோடு சரி. மாட்டுத்தொழுவத்தில் போய் நின்று அழுதேன்.

கடைசியில் அம்மாதான் குலசாமியிடம் பூக்கட்டிப் பார்க்கச் சொன்னாள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமிமுன் வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்வது எங்கள் வழக்கம். வெள்ளை வந்தால் கல்யாணம், சிவப்பு வந்தால் இல்லை. அப்பா மஞ்சப்பையில் பொட்டலங்களோடு காலை பஸ் ஏறினார். கோயில் விருவீட்டுப் பக்கம், ஒரு கண்மாய்க்கரையில் இருந்தது.

சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே திரும்பிவிட்டார். பூப்பொட்டலம் பிரிக்காமல் பையிலேயே இருந்தது.

"உத்தப்பநாயக்கனூர் தாண்டி திண்டுக்கல் மாவட்டம்னு புதுசா போர்டு நட்டுருக்கான். சாமியே அங்குட்டுத்தான் இருக்கு தாயி. அதுகிட்டப் போயி, அங்குட்டுப் பொண்ணக் குடுக்கலாமான்னு எப்படிக் கேக்க?"

கல்யாணம் நடந்தது. பஸ் ஏற்றிவிட அப்பாவும் வந்தார். என் வீட்டுக்காரரிடம், "நல்லது கெட்டது எதுன்னாலும் தந்தி அடிக்காதீங்க மாப்ள. ஆள அனுப்புங்க" என்றார். நல்ல நேரத்தில் இதென்ன பேச்சு என்று அம்மா அதட்டினாள். அவர் சரி மாமா என்று தலையாட்டினார்.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில். இரண்டாவது மலையிலேயே ஆனது. விடியும்போது பெண் பிறந்தது. அவர் முகம்கூடக் கழுவாமல் முதல் பஸ்ஸில் இறங்கிப் போனார்.

அங்கே நடந்தது அம்மா சொல்லித்தான் தெரியும். மருமகன் தனியாக வருவதைப் பார்த்ததும் அப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாராம்.

"பொம்பளப் பிள்ள மாமா. ரெண்டு பேரும் நல்லா இருக்காக."

அதற்குப் பிறகும் கையை எடுக்கவில்லை.

"எப்பப் பெறந்துச்சு?"

"இன்னைக்கு விடிய."

அப்பா வாசல் வெயிலைப் பார்த்தாராம். பொழுது இன்னும் உச்சிக்கு வரவில்லை. "இன்னைக்கா? இன்னைக்கேவா வந்துட்டீங்க?" என்று கேட்டவர், தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தங்கச்சி பேரைச் சொல்லி அழுதாராம்.