மதுரைக்குப் போகும் நாளில் மட்டும் தெளியும் தோல்

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாட்களில் எங்கள் அண்ணன் குளித்த குளியலை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. முதுகுளத்தூரில் முதல் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். இவரோ பின்கட்டில் உட்கார்ந்து காய்ந்த பீர்க்கங்காய்க் கூட்டால் முழங்கையையும் முழங்காலையும் தேய்த்துக்கொண்டே இருப்பார். சொரியாசிஸ் செதில்களெல்லாம் ஊறிக் கழன்று விழும். பிறகு தேங்காய் எண்ணெய், பிறகு இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. பெண் பார்க்கக் கிளம்பும் மாப்பிள்ளை மாதிரி மதுரைக்குக் கிளம்புவார்.

நான் எட்டாவதோடு நின்றவள், எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். களிம்புக்கும் மாத்திரைக்கும் நோய் கேட்காமல் போய் டாக்டரம்மா புது வகை ஊசியை எழுதிய அன்று, "இது கேக்குமா?" என்று நாலு தடவை கேட்டுவிட்டேன். எடை, முன்பு எடுத்த மருந்து, புகைக்கிற பழக்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, "ஒருத்தருக்குச் சுத்தமாத் தெளியும், ஒருத்தருக்கு அசையாதும்மா. யாருக்கு எப்படின்னு முன்கூட்டி உறுதியாச் சொல்ல முடியாது. போட்டு, தோலைப் பாத்துத்தான் சொல்லணும்" என்றார். இவ்வளவு படித்துவிட்டு இப்படிச் சொல்கிறாரே என்று எனக்கு ஆத்திரம்.

பார்த்தார். ஒவ்வொரு தடவையும், "செதில் குறையுது, இதே ஊசி தொடரட்டும்" என்று எழுதினார். வீட்டிலோ இரண்டே நாளில் பாயெல்லாம் தவிடு கொட்டினதுபோலக் கிடக்கும். அதற்குள் அண்ணனுக்கு விரல் மூட்டுகள் வீங்கிவிட்டன. மிளகாய் ஆய விரல் மடங்கவில்லை. இந்தத் தோல் நோய் மூட்டுக்கும் இறங்கும், சரியான மருந்து விழாவிட்டால் கோணல் நிலைத்துவிடும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது.

"ஏண்ணே, அவுங்க பாக்கணும்னுதான போறோம்? தேச்சுக் கழுவிட்டுப் போனா எதப் பாப்பாங்க?"

"ஏத்தா, பொம்பளப்புள்ள டாக்டரு, தொட்டுப் பாக்குது. அங்கன போயி செதிலு கொட்டிக்கிட்டு நிக்கவா? நம்மள என்ன நெனைக்கும்?"

"நல்லாயிருச்சுன்னு நெனைக்குது! அதான் வெனை!"

அடுத்த தடவை நானே எல்லாவற்றையும் டாக்டரம்மாவிடம் போட்டுடைத்தேன். அவர் திட்டவில்லை. "எண்ணெய் நல்லதுதான். ஆனா உரிச்சு எடுக்காதீங்க. அடுத்த வாரம் இருக்கிறபடியே வாங்க" என்றார். திரும்பும்போது பரமக்குடி வரைக்கும் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

அந்த அடுத்த வாரம்தான் போன திங்கட்கிழமை. தேய்க்காத முழங்கையைப் பார்த்து டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்தார். அண்ணன் எழுந்து சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

"இங்கனயும் இருக்கு. இதையும் எழுதிக்கங்க."

முதுகு முழுக்க வெடித்துக் கிடந்தது. எட்டு வருஷமாக அவர் சட்டையைத் துவைப்பவள் நான், எனக்கே தெரியாது. அங்கேயே அவரை நாலு சாத்து சாத்தலாமா என்றிருந்தது. டாக்டரம்மா அருகில் வந்து நிதானமாகப் பார்த்தார். மூட்டுகளையும் அழுத்திப் பார்த்துவிட்டு, ஊசியை மாற்றி எழுதினார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "இதாவது கேக்குமாம்மா?" என்று அண்ணன் கேட்டார், சட்டையைப் போடாமலே.