எழுந்து நின்றவர்கள் ஆறு பேர்

ஏதோ ஒரு நாட்டில் பிரசிடெண்டைப் பதவியிலிருந்து இறக்கலாமா, கூடாதா, இதற்கு முன்னால் யாரையெல்லாம் இறக்கியிருக்கிறார்கள் என்று ரேடியோவில் பேசினால் என் மகள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். எங்கள் ஊரில் நடந்ததை நானே எழுதி வைத்துவிடுவது நல்லது. எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். மெதுவாக எழுதுகிறேன்.

சீமையில், அதாவது இங்கிலாந்தில், ராஜா கிரீடம் வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனாரே, அதற்கு மறுவருஷம். எங்கள் ஊருக்கு ஒலக்கூரிலிருந்து வண்டிப்பாதையில் உள்ளே போக வேண்டும். பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டு என் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன். போர்டில் ஒன்பது மெம்பர்கள். அதில் ஒருத்தி நான்.

படித்ததால் மெம்பராகவில்லை. அப்போது என் பெயரை மட்டும்தான் எழுதத் தெரியும். பெண்பிள்ளைக்கு ஒரு இடம் கொடுக்கலாம் என்று மேலேயிருந்து சொல்லியிருக்கிறார்கள். அந்த இடம் வேறு வீட்டுக்குப் போகக் கூடாதென்று மூத்தார் என் பெயரைக் கொடுத்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை. தம்பி பெண்டாட்டியோடு மூத்தார் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் எங்களில் இல்லை. "மீட்டிங்கு இருக்குதுன்னு அதுகிட்ட சொல்லு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். அவர் பெண்டாட்டி, என் ஓரகத்தி, வந்து என்னிடம் சொல்வாள். அவர் நிற்கிற இடத்தில் நான் உட்காரவும் கூடாது. அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பதினாலு வருஷமாக அப்படி.

என் வீட்டுக்காரர் அதற்கு இரண்டு வருஷம் முன்னால் காய்ச்சலில் போய்விட்டார். அதிலிருந்து எனக்கு எதுவும் உறைப்பதில்லை. குழம்பில் உப்பு இல்லையென்று மற்றவர்கள் சொன்ன பிறகுதான் தெரியும். ஒன்பது வயசு மகளோடு மூத்தார் வீட்டிலேயே இருந்தேன். உழைத்துத்தான் சாப்பிட்டேன், யார் தயவிலும் சாப்பிடவில்லை.

சண்டை ஒரு கிணற்றால் வந்தது. ஊருக்கும் சேரிக்கும் பொதுவாகப் போர்டு வெட்டிய கிணறு. மூத்தார் அதைத் தம் நிலத்து ஓரத்தில் வெட்ட வைத்தார். தண்ணீர் ஊறியதும் சுற்றி முள்வேலி போட்டார். அந்தக் கோடையில் அவர் பயிருக்கு மட்டும் தண்ணீர் பாய்ந்தது. அதற்குத்தான் மெம்பர்களில் சிலர் அவர் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள்.

மல்லாட்டை, அதான் நிலக்கடலை, உரிக்க வந்த பெண்கள் எங்கள் களத்திலேயே உட்கார்ந்து அதைப் பேசினார்கள்.

"பிரசிடெண்ட எறக்கறாங்களாமே. அது இன்னா பல்லக்கா, எறக்கறதுக்கு?"

"சீமையில ராஜாவையே எறக்கிட்டாங்களாம்."

"யாரு எறக்குனா? அவரு ஒரு பொம்பளைக்கோசரம் தானா எறங்கிக்கினாரு. நம்ம ஆளு கெணத்துல வேணும்னா எறங்குவாரு, நாற்காலிய வுட்டு எறங்கமாட்டாரு."

அவர்களில் வயசான ஒருத்தி சொன்னாள்: "எங்க அப்பன் காலத்துல ஒரு நாட்டாமைய எறக்குனாங்க. தீர்மானம் கீர்மானம் ஒண்ணும் இல்ல. கல்யாணத்துல மொத வெத்தல அவருக்குக் குடுக்காம வேற ஆளுக்குக் குடுத்தாங்க. அன்னையோட முடிஞ்சிது."

"இவருக்குக் குடுக்கலன்னா தட்டையே தூக்கிக்கினு பூடுவாரு."

சிரித்தார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "நீயும் மெம்பருதானே, நீ இன்னாம்மா சொல்ற?" என்றாள். "கொட்டை உடையாம உரி" என்றேன்.

தீர்மானத்துக்கு முந்தின நாள் மத்தியானம் வளவனூரிலிருந்து என் நாத்தனார் புருஷன் வந்தார். பாண்டிச்சேரிக்கு அடிக்கடி போய் வருகிறவர். மூத்தாரும் அவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் அடுப்படியில் இருந்தேன்.

"மச்சான், பாண்டியில இருக்கிற பிரெஞ்சுக்காரன் ஒரு காலத்துல ராஜா தலையவே எடுத்தவன். இப்ப அவன் நாட்டுல ராஜாவே கெடையாது. பிரசிடெண்டுதான்."

"அந்தப் பிரசிடெண்டுக்குத் தல இருக்குதா?"

"இருக்குது."

"அப்ப எனக்கும் இருக்கும். சோத்தத் துன்னு."

"வெளையாட்டு இல்ல மச்சான். எத்தினி பேரு உன் பக்கம்?"

"ஆறு பேரு எழுந்து நின்னாத்தான் தீர்மானம் பாஸாகும். அவங்க அஞ்சு பேரு. இந்தப் பக்கம் நானு, இன்னும் ரெண்டு பேரு, அது. அது குந்தின எடத்துலயே குந்தியிருந்தா போதும்."

அது என்றது என்னை.

வளவனூர்க்காரர் போன பிறகு ஓரகத்தி வந்தாள். "நாளைக்கு நீ எழுந்திருக்கவே வாணாம். ஒண்ணு ஆச்சுன்னா உனக்கு இந்த ஊட்டுல எடமில்லன்னு சொல்லச் சொன்னாரு. நான் சொல்லல, அவரு சொன்னாரு" என்றாள்.

"சரிக்கா" என்றேன். கிணறு யாருடையது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சரி என்றேன். மனசு அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. போகச் சொன்னால் மகளை எங்கே கூட்டிப்போவது என்பது மட்டும் ஒரு தரம் வந்து போயிற்று.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் மீட்டிங். திண்டிவனத்திலிருந்து ஒரு ஆபீசர் வந்து நடுநாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் மூத்தார். மற்றவர்கள் பெஞ்சியில். எனக்குச் சுவரோரம் ஒரு முக்காலி. சேரி மெம்பர் வாசற்படியில் நின்றார். மெம்பராகி இரண்டு வருஷமாகியும் அவர் எந்த மீட்டிங்கிலும் உட்கார்ந்ததில்லை. உட்காரச் சொன்னவரும் இல்லை. அந்த ஐந்து பேரில் அவரும் ஒருத்தர்.

மளிகைக்கடை மெம்பர் கிணற்றைப் பற்றிப் பேசினார். மூத்தார், "நான் வெட்டலன்னா அங்க கெணறே இல்ல" என்று மட்டும் சொன்னார். ஆபீசர் காகிதத்தைப் படித்துவிட்டு, "தீர்மானத்த ஆதரிக்கிறவங்க எழுந்து நில்லுங்க" என்றார்.

பெஞ்சியிலிருந்து நாலு பேர் எழுந்தார்கள். ஆபீசர் வாசலைப் பார்த்து ஐந்து என்று எண்ணினார்.

மூத்தார் உட்கார்ந்தபடியே, "அவன் எப்பவும் நிக்கறவன்தான் சார். அத எப்படி ஓட்டுன்னு எண்ணுவீங்க?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஆபீசருக்கு அது நியாயமாகப் பட்டதோ, இல்லை கோபம் வந்ததோ, தெரியவில்லை. "அப்ப எல்லாரும் முதல்ல உட்காருங்க. அவரும் உட்காரட்டும். மறுபடியும் எண்ணிக்கலாம்" என்றார்.

"எனுக்கு நின்னே பழக்கம் சாமி" என்றார் சேரி மெம்பர்.

"உட்கார்ந்தாத்தான்யா எழுந்திருக்க முடியும். உட்காருங்க."

அவர் உள்ளே வந்து பெஞ்சியின் ஓரத்தில் உட்கார்ந்தார். முழுசாகக்கூட உட்காரவில்லை. மூத்தாருக்கு முகம் கறுத்தது. "இன்னா சார் இது" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

அவர் எழுந்ததும் நானும் எழுந்துவிட்டேன். யோசிக்கவில்லை. கால் தானாக எழுந்தது.

அந்த நேரம் பார்த்து ஆபீசர், "ம், ஆதரிக்கிறவங்க" என்றார். ஐந்து பேரும் எழுந்தார்கள். அவர் பென்சிலை நீட்டி எண்ணிக்கொண்டே வந்து என்னிடம் நிறுத்தி, "ஆறு" என்றார். பிறகு மூத்தாரைப் பார்த்து, "உங்களையும் சேர்த்தா ஏழு" என்றார். பெஞ்சியில் ஒருத்தருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மூத்தார் அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். "உக்காரு" என்றார்.

பதினாலு வருஷத்தில் அவர் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. மாட்டை அதட்டுகிற மாதிரி, அத்தனை பேர் எதிரில். அவர் உட்கார்ந்திருந்தால் நானும் உட்கார்ந்திருப்பேன். அவர் நின்றுகொண்டே என்னை உட்காரச் சொன்னார். நின்றேன்.

"அம்மா, நீங்க ஆதரவாத்தானே நிக்கிறீங்க?" என்று ஆபீசர் கேட்டார். கையெழுத்துப் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். போய் என் பெயரை எழுதினேன். சந்தோஷமும் இல்லை, பயமும் இல்லை. மை ஒட்டாமல் காய வேண்டுமே என்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே வேலியைப் பிரித்தார்களாம். அடுத்து வந்த பிரசிடெண்டின் மேலும் பின்னால் ஒரு தீர்மானம் வந்து, அதில் கையைத் தூக்கச் சொல்லித்தான் எண்ணினார்களாம். எல்லாம் கேள்விப்பட்டதுதான். பொம்பளை என்றால் அவள்தான் என்று சேரியில் பேசினார்கள். உண்ட வீட்டுக்குக் கெடுதல் செய்தவள் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். இரண்டையும் நான் திருத்தவில்லை.

அன்றைக்குச் சாயந்தரம் ஓரகத்தி கொல்லைக்கு வந்தாள். நான் துணி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"அவரு எழுந்தாருன்னுதான நீ எழுந்த? எனக்குத் தெரியும்டி. தெரியாம எழுந்துட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. நான் பேசிக்கறேன். நீ இங்கயே இருக்கலாம்."

அவள் கெட்டவள் இல்லை. அவள் சொன்னதும் உண்மைதான். ஆனால் கால் பழக்கத்தில் தெரியாமல் நின்றுவிட்டவள் என்று அந்த வீட்டில் காலத்துக்கும் சோறு தின்ன எனக்கு மனசில்லை.

"தெரிஞ்சுதான் நின்னேன்க்கா" என்றேன்.

அவள் கொடியில் மீதியிருந்த துணியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"பொண்ண வுட்டுட்டுப் போறியா?"

"இல்ல."

"எங்க போவ?"

"திண்டிவனத்துல எங்க மாமன் ஊடு இருக்குது."

"உள்ள இருக்கிற கோரப்பாய எடுத்துக்கினு போ. புதுசு" என்றாள்.

எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலை பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதேதோ கேட்டுக்கொண்டே வந்தாள். நான் திண்டிவனம் வரைக்கும் தூங்கினேன்.