பதினொரு பேருக்கு இடுப்பு வலி

செவ்வாய்க்கிழமை காலை, தேயிலைக் கொழுந்து லாரி டிரைவர் என் கடை முன்னால் வண்டியை நிறுத்தி, "புஷ்பக்கா போயிட்டாங்க" என்றார். கையிலிருந்த பொட்டலத்தைக் கட்டி, வாங்க வந்தவரை அனுப்பிவிட்டுத்தான் கடையைச் சாத்தினேன். பாதியில் விட்டிருந்தால் அக்காவே திட்டியிருப்பார்.

துக்க வீட்டில் பலரும் அவரைப் "பொறுமையான மனுஷி" என்றார்கள். சேரம்பாடியில் அவரோடு கொழுந்து பறித்தவர்களுக்குத் தெரியும், அது உண்மையில்லை.

அப்போது நானும் எஸ்டேட்டில்தான் பறித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பிள்ளைக்கு எட்டு மாதம். பிரசவத்தோடு வந்த வலி போகவே இல்லை. நடு இடுப்பில் தொடங்கி வலது தொடைப் பூட்டு வரை இறங்கும். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எடை போடும் இடத்துக்கு ஏறினால், கால் எங்கே ஊன்றுகிறது என்றே தெரியாது. வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டாததன் பலன் என்றார்கள் எஸ்டேட் வரிசை வீடுகளில் இருந்த லயத்துப் பெண்கள். கட்டியிருந்தேன். மூச்சு முட்டக் கட்டியிருந்தேன்.

காலையில் பேர் பதியும் இடத்தில், கொஞ்ச நாள் நாற்றங்காலில் உட்கார்ந்து செய்யும் வேலை கேட்டேன்.

"என்னம்மா செய்யுது?"

"இடுப்பு வலிங்க ஐயா."

சூப்பர்வைசர் எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தார். "இப்பத்தானே பெத்த? அதுக்குள்ள மறுபடியும் இடுப்பு வலியா? ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லட்டுமா?"

நம் பேச்சில் அந்தச் சொல்லுக்குப் பிரசவ வலி என்றுதான் முதல் அர்த்தம். பெற்ற பிறகும் விடாமல் வலிப்பதற்கு யாரும் தனியாகப் பேர் வைக்கவில்லை. நாளைக்கும் மூட்டை தூக்க முடியாவிட்டால் பேரை வெட்டிவிடுவேன் என்றார். லயத்து வீடு என் பேரில்தான் இருந்தது. பேர் போனால் வீடும் போகும்.

மறுநாள் என் பேரைக் கூப்பிடும் முன்பே புஷ்பக்கா முன்னால் வந்து நின்றார்.

"ஐயா, எனக்கும் இடுப்பு வலிங்க."

அவருடைய கடைசி மகனுக்கு அப்போது ஒன்பது வயது. பின்னாலிருந்து ஒருத்தி, "எனக்குந்தான்" என்றாள். பிறகு இன்னொருத்தி. என்னோடு சேர்த்துப் பதினொரு பேர்.

"என்ன கூத்து இது?"

"கூத்து இல்லீங்க. நீங்கதானே நேத்து வண்டி சொல்றேன்னீங்க? பெருசாவே சொல்லுங்க. பதினொரு பிரசவம்."

அவர் கத்திப் பார்த்தார். ஒருத்தியும் தேயிலைக் காட்டுக்குள் இறங்கவில்லை. மேனேஜர் வந்தார், வேறு வழியில்லாமல் வண்டியும் வந்தது. ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் ஒவ்வொருத்தியாகப் படுக்கவைத்து, காலைத் தூக்கிப் பார்த்தார். எனக்காகப் பொய் சொல்ல வந்தவர்களில் ஆறு பேருக்கு நிஜமாகவே வலி இருந்தது. அதில் புஷ்பக்காவும் ஒருவர்.

திரும்பும்போது வண்டியில் அவர் மட்டும் சிரிக்கவில்லை. "விளையாட்டுக்குத்தான் சொன்னேன்டி. ஒம்பது வருஷமா இது வலின்னே தோணல. ஒடம்பே இப்படித்தான்னு இருந்துட்டேன்."

டாக்டரின் சீட்டால் என் பேர் தப்பியது. ஏழு பேருக்குமே சில மாதங்கள் மூட்டை தூக்காத வேலை கிடைத்தது.

பிறகு நான் கடை வைத்தேன். வலித் தைலம் நன்றாக ஓடும் சரக்கு. அக்கா ஒருநாள் பார்த்துவிட்டு, "வித்துக்கோ. ஆனா வாங்குறவகிட்ட டாக்டரைப் பாருன்னும் சொல்லு. நீ சொல்லலேன்னா நான் வாசல்ல நின்னு சொல்வேன்" என்றார். செய்யக்கூடியவர்தான். அதனால் சொல்லத் தொடங்கினேன். தைல வியாபாரம் கொஞ்சம் படுத்தது. படுக்கட்டும்.

வலியைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தாமல் இருப்பது, அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். எனக்கு இன்னும் முழுசாகக் குணமாகவில்லை. அவரைத் தூக்கிப் போகும்போது, பின்னால் நடந்த நான் ஏற்றத்தில் பாதியிலேயே நின்றுவிட்டேன். என்னாச்சு என்று பக்கத்தில் வந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"இடுப்பு வலி" என்றேன், பாடையைத் தூக்கி முன்னால் போனவர்களுக்கும் கேட்கும்படி.