சூட்டுக்கை

என் அக்கா தன் பதினான்காம் வயதில் செய்த வானொலியைக் கெடுத்தவன் நான். கெடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அந்த மௌனத்தின் மேல் ஏறித்தான் படித்தேன்; சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகைகளைச் சோதிக்கும் பொறியாளனாக முப்பது வருடம் இருந்து ஓய்வும் பெற்றேன். இப்போது எனக்கு அறுபத்தொன்பது, அக்காவுக்கு எழுபத்து நான்கு. இதை யாரிடமும் சொல்லாமலே போய்விடலாம் என்றுதான் இருந்தேன். அக்காவின் கம்ப்யூட்டர் அதற்கு விடவில்லை.

அக்கா கருவடிக்குப்பத்தில் தனியாக இருக்கிறாள். அத்தான் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. வேலைக்காக வெளியூர் போன மகன் விட்டுச்சென்ற பழைய கம்ப்யூட்டரில் ஒரு விமான விளையாட்டு இருந்தது. தூசி தட்டப் போனவள் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மதியம் சாப்பாடு முடிந்து, தெருவில் சத்தம் அடங்கும் நேரத்தில், ஒரு சின்ன விமானத்தை எடுத்துக்கொண்டு கடல்மேல் போவாள். எங்கும் இறங்கமாட்டாள். கரையோரமாகவே போய்க்கொண்டிருப்பாள். நான் போனால் பக்கத்து நாற்காலியில் உட்காருவேன். இருவரும் பேசாமல் மேகங்களைப் பார்த்துக்கொண்டிருப்போம். வீடே கொஞ்சம் தரையை விட்டு எழுந்ததுபோல இருக்கும்.

ஆனால் ஊருக்கு மேலே வந்ததும் அந்தப் பழைய பெட்டி திணறும். அலைகள் நின்றுபோகும். விமானம் காற்றில் ஆணி அடித்த மாதிரி தொங்கும். ஒருநாள் அப்படித் தொங்கியது மறுபடி நகரவே இல்லை.

அக்கா என்னைக் கூப்பிட்டாள். "புதுசா ஒண்ணு பண்ணணும்டா. பத்து வருஷம் ஓடணும்."

"பத்து வருஷமா?"

"ஏன், அதுக்குள்ள நான் போயிடுவன்னு கணக்குப் போடுறியா?"

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். கடைசியாக அவளுக்கு ஏதாவது செய்ய ஒரு வழி கிடைத்தது என்று நினைத்தேன். பாகங்களைத் தேர்ந்தெடுத்துத் தர, படித்த தம்பி வேண்டுமல்லவா? போய்ப் பார்த்தால் அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதமாக போனில் வீடியோ பார்த்துக் குறிப்பு எடுத்திருக்கிறாள்.

"பதினாறு கோர் ப்ராசசரா வாங்கிடலாம்க்கா. பின்னால தொந்தரவு இல்ல" என்றேன்.

"பதினாறு கோர வச்சி என்னாடா பண்றது? கல்யாண சமையலா பண்ணப்போறேன்? எட்டு போதும். ஆனா உள்ளயே கேஷ் மெமரி பெருசா இருக்கணும். ப்ளேன் ஓட்டறதுக்கு அதான் முக்கியம். எடுத்தது எடுத்த எடத்துலயே கைக்கெட்டணும்."

பத்து வருடம் என்பது விலையுயர்ந்த ப்ராசசரில் இல்லை, மதர்போர்டில்தான் இருக்கிறது என்பது அவள் கட்சி. இன்னும் நாலைந்து வருடம் கழித்து வரும் ப்ராசசரையும் அதே சாக்கெட்டில் உட்கார வைக்க முடிகிற போர்டாகப் பார்க்க வேண்டும். ராமுக்கு இரண்டு இடம் காலியாக இருக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு நடுத்தரமாக இருந்தால் போதும், அதுதான் முதலில் பழசாகும். பவர் சப்ளையில் மட்டும் கை சுருக்கக் கூடாது. கேபினெட் எல்லாப் பக்கமும் தூசி வலை போட்டது. "நம்ம ஊரு கடக்காத்துல ஜன்னல் கம்பியே பொரிஞ்சி போவுது. உப்பு ஏறாத எடமா பாத்து வைக்கணும்" என்றாள். நான் முப்பது வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலையை அவள் பருப்பு வேகும் நேரத்தில் கற்றுக்கொண்டிருந்தாள்.

அப்படியும் நான் கேட்கவில்லை. குற்றமுள்ளவனுக்குப் பெரிதாகக் கொடுத்தால்தான் மனம் ஆறும். அவளுக்குத் தெரியாமல் பதினாறு கோர் ப்ராசசரையே வாங்கிப் பரிசாகக் கொண்டுபோனேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். "போயி மாத்திக்கினு வா" என்றாள். மாற்றிக்கொண்டு வந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லாப் பாகங்களும் சாப்பாட்டு மேசையில் பரவிக் கிடந்தன. மதர்போர்டின் சாக்கெட்டைத் திறந்து வைத்தேன். ப்ராசசரின் ஒரு மூலையில் பொன்னிறத்தில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும். அதை சாக்கெட்டின் முக்கோணத்துக்கு நேராக வைத்து, அழுத்தாமல் கையை விட்டால் தானாகவே உட்கார்ந்துகொள்ளும். ஐந்து நொடி வேலை. அதை அக்கா செய்யட்டும் என்று நீட்டினேன்.

அவள் இரண்டு கைகளையும் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். "நீயே வை தம்பி. என் கைதான் உனக்குத் தெரியுமே. சூட்டுக்கை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அறுபது வருடமாக எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறோம். அக்கா கையால் ஊறுகாய் போடவிடமாட்டார்கள், பூசணம் பூத்துவிடும் என்று. அவள் நட்ட ரோஜாக் குச்சி பட்டுப்போனால் ஆச்சரியப்பட மாட்டார்கள். கல்யாணமாகிப் போன வீட்டுக்கும் அந்தப் பெயர் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அத்தானே டிவி ரிப்பேர் என்றால், "நீ தொடாத, உன் தம்பி வரட்டும்" என்பார்.

அந்தப் பெயர் வந்த கதை இதுதான்.

எங்கள் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை, பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவர் லீவில் வந்தபோது ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் இரும்பு ஒன்றையும், ஒரு டப்பா நிறைய வானொலிச் சாமான்களையும் கொண்டுவந்தார். யாருக்கென்று சொல்லவில்லை. அக்கா எடுத்துக்கொண்டாள். மீதிக்குத் தேவைப்பட்டதைக் கடைத்தெருவில் வானொலி பழுது பார்த்த பாயிடம் கேட்டு வாங்கினாள். அவர் மலிவானதை நீட்டினால், "இது எத்தினி வருஷம் வரும் பாய்?" என்று கேட்பாள். பாய் சிரித்துக்கொண்டே உள்ளே போய் வேறு எடுத்து வருவார்.

இரண்டு மாதம் அக்கா அதிலேயே கிடந்தாள். பிஸ்கட் டப்பாவுக்குள் அந்த வானொலி வளர்ந்தது. உருகிய ஈயத்தின் வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. டிரான்சிஸ்டர் என்ற மூன்று கால் துண்டு சூடு தாங்காது என்று பாய் சொல்லியிருந்தார். அதனால் அதன் ஒவ்வொரு கம்பிக்காலையும் பற்றவைக்கும்போது ஈரத்துணியால் அதைப் பிடித்துக்கொள்வாள். நான் கிட்டே போனால், "கை வைக்காத" என்பாள். அந்த ஒரு சொல்தான் அந்த இரண்டு மாதமும் எனக்குக் கிடைத்தது. அதற்கு முன்பு அவளுடைய விளையாட்டெல்லாம் என்னுடையதாக இருந்தது.

மாமாவின் பேட்டரி தட்டையானது. அவர் அதை பிரெஞ்சில் பீல் என்பார். தலையில் இரண்டு பித்தளைத் தகடுகள் நாக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும், ஒன்று நீளம், ஒன்று குட்டை. நம் நாக்கை அதில் வைத்தால் சுருக்கென்று புளிக்கும். அக்காதான் அதைக் காட்டிக்கொடுத்தாள். "செவப்பு ஒயரு குட்ட நாக்குல, கறுப்பு நீள நாக்குல. மாத்தி வச்சா பாடாது" என்றும் சொன்னாள். பாடாது என்றுதான் சொன்னாள். மின்சாரம் தலைகீழாகப் பாய்ந்து டிரான்சிஸ்டரே செத்துவிடும் என்று சொல்லவில்லை. ஒன்பது வயதுக்காரனிடம் அதை ஏன் சொல்ல வேண்டும்?

ஆலைக்கு விடுமுறையான ஒரு ஞாயிறு, மாமா மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "இது பாடிச்சின்னா இவள நான் படிக்க வைக்கிறேன். மெட்ராசுல ரேடியோ படிப்பு இருக்குது. ஆஸ்டல்ல சேத்துடுறேன்."

"பொட்டப்புள்ளயையா மச்சான்?"

"பாடட்டும். அப்பறம் பேசலாம்."

அக்கா சிவப்பு, கறுப்பு ஒயர்களின் கிளிப்புகளை பேட்டரியில் மாட்டிவிட்டு, அடுப்படியில் இருந்த அம்மாவையும் பக்கத்து வீட்டு ஆட்களையும் கூப்பிட ஓடினாள். டப்பாவும் நானும் மட்டும் இருந்தோம். எனக்கு ஒரு யோசனை வந்தது. கிளிப்புகளை மாற்றிவிட்டால் பாடாது. எல்லோரும் திகைப்பார்கள். அப்போது நான் போய்ச் சரிசெய்வேன். பாடும். என்னைத் தூக்கிக் கொண்டாடுவார்கள். மாற்றி மாட்டினேன்.

அக்கா வந்து குமிழைத் திருகினாள். சத்தமே இல்லை. கூடத்தில் பத்துப் பேர் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் பேட்டரிப் பக்கம் குனியுமுன் நான் பாய்ந்தேன். "நான் பாக்குறேன்!" எல்லோருக்கும் முதுகைக் காட்டிக் குனிந்து, சிவப்பைக் குட்டைக்கும் கறுப்பை நீளத்துக்கும் மாற்றினேன். பிறகு நிமிர்ந்து, சிரித்த முகத்தோடு பாட்டுக்குக் காத்திருந்தேன்.

பாட்டு வரவில்லை. அக்கா கிளிப்புகளைப் பார்த்தாள். சரியாக இருந்தன. மறுபடி மறுபடி திருகினாள்.

"சரி வுடு. மீனு ஆறுது" என்றார் அப்பா. கொஞ்சம் நிம்மதியாகவே சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. மாமா என் தலையைத் தடவினார். "ஆனா பையன் பாஞ்சான் பாத்தியா? இவனுக்கு மூள இருக்குது."

மறுநாள் கடையில் பாய் சோதித்துப் பார்த்துவிட்டு, டிரான்சிஸ்டர்கள் எரிந்துபோய்விட்டன என்றார். அழுதுகொண்டிருந்தவளிடம் அன்பாகத்தான் சொன்னார்: "பத்த வைக்கும்போது நேரம் புடிச்சிருக்கும் பாப்பா. உன் கை கொஞ்சம் சூடு." அப்பா அதைச் சிரிப்பாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். அது வீட்டிலேயே தங்கிவிட்டது.

பற்றவைக்கும் இரும்பை அம்மா பரணில் போட்டாள். அக்கா தையல் வகுப்புக்குப் போனாள், பத்தொன்பதில் கல்யாணம். மாமா பிரான்சுக்குத் திரும்பினாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மெட்ராசில் ஆஸ்டலில் சேர்த்துப் படிக்க வைத்தார். என்னை.

இதையெல்லாம் அன்று சாப்பாட்டு மேசையில், ப்ராசசரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே சொல்லி முடித்தேன். மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் வாயில் கொண்டுவர முடியவில்லை. அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"செவப்ப எதுல வச்ச?"

"நீளத்துல."

தலையாட்டினாள். என் கையிலிருந்து ப்ராசசரை எடுத்து அதன் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாள். "நீ கெளம்பு" என்றாள். கதவு வரைக்கும் வரவில்லை. அவள் வீட்டிலிருந்து சாப்பிடாமல் நான் திரும்பியது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு போன் எடுக்கவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். ஒருநாள் அவள் தெரு முனை வரை போய்விட்டுத் திரும்பினேன். பாகங்கள் மேசையிலேயே உப்புக்காற்றில் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நாலாவது வாரம் என் போனுக்கு ஒரு படம் வந்தது. மூடாத கேபினெட், உள்ளே எல்லாம் அதனதன் இடத்தில், கம்பிகள் பின்னிய சடைபோல ஒழுங்காக. ஒரு வார்த்தை இல்லை. யாரைக் கூப்பிட்டுச் செய்தாளோ என்று எண்ணிக்கொண்டே ஓடினேன்.

யாரையும் கூப்பிடவில்லை. கதவு திறந்திருந்தது. அக்கா எங்கோ உயரத்தில் இருந்தாள்.

"இரு, எறங்கிட்டு வரேன்" என்றாள் திரும்பாமல்.

மதிய வெயில் கடலில் உடைந்து உடைந்து மின்னியது. ஒரு அலைகூட நிற்கவில்லை. விமானம் மெதுவாகச் சாய்ந்து ஊருக்கு மேலே வந்தது. கீழே குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்ட தெருக்கள். பெட்டியிலிருந்து முனகல்கூட இல்லை. விசிறி சரியாக இருக்கிறதா என்று நான் குனிந்து கையை நீட்டினேன்.

"கை வைக்காத" என்றாள்.

பின்வாங்கி நாற்காலியில் உட்கார்ந்தேன். மன்னித்தேன் என்று அவள் அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. விமானத்தை ஓடுபாதையில் நிறுத்திவிட்டு, வெகுநேரம் அந்த நோட்டுப் புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்:

"ஒரு வருஷம் வரஞ்சி வரஞ்சி பாத்தன்டா அந்த சர்க்யூட்ட. எந்த எடத்துல தப்பு பண்ணேன்னே தெரில. துணி சரியா நனைக்கலியோ, ரெண்டு நொடி கூட வச்சிட்டனோன்னு... கல்யாணமாயி போன பொறவும் கோலம் போடும்போதுகூட அதான் ஓடும்."

எனக்கு அந்த ஒரு வருடம் நினைவுக்கு வந்தது. சாயங்காலமானால் அக்கா கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, கிழித்துப்போட்ட காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடுகள் போடுவாள். நேர்க்கோடுகள், திருப்பங்கள், கோடும் கோடும் சேருமிடத்தில் ஒரு புள்ளி. அவள் மறுபடி என்னோடு விளையாட வந்துவிட்டாள் என்று எனக்கு அத்தனை சந்தோஷம். அவள் ஏதோ ஊர் வரைகிறாள் என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் படுத்துக்கொண்டு, அந்தத் தெருக்களின் ஓரமெல்லாம் பச்சை மரங்களும் சிவப்பு வீடுகளும் வரைந்து தந்தேன். அவள் தடுக்கவே இல்லை. பென்சிலை மட்டும் மெல்ல நகர்த்திக்கொண்டு ஒவ்வொரு தெருவாகப் போய்க்கொண்டிருந்தாள், முனை வரை போவதும் திரும்பி வருவதுமாக.